சம்பளம் ஒருவருக்கு, சாவி இருவருக்கு

வாசகி கேள்வி:

நானும் என் கணவரும் ஓய்வு பெற்றவர்கள், சிங்கப்பூர்க் குடிமக்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள செங்காங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுதாக 3,000 வெள்ளிக்கு, இரண்டு ஆண்டுக்கு வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். ஏஜண்ட் வைக்கவில்லை. திருச்சிப் பக்கத்துத் தம்பதி ஒன்று வந்து பார்த்தது. மனைவி எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், வேலை செய்கிறார், சம்பளம் 7,400 வெள்ளி. கணவர் அவரைச் சார்ந்து தங்கும் டிபென்டன்ட் பாஸில் இருக்கிறார், வேலை இல்லை. திருமணத்துக்கு முன் அவர் ஜூரோங்கில் ஓர் அறையில் தங்கியிருந்தாராம். அவர் கொடுத்த எண்ணில் அந்த வீட்டுக்காரரிடம் பேசினேன். கடைசியில் வாடகை இரண்டு மாதம் தாமதமானது, ஒரு மாதத்தை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றார்.

மனைவியைப் பார்த்தால் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. கணவரைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. மனைவி பெயரில் மட்டும் எழுதிக்கொள்ளலாமா? "ஆம்பளை பேர்லதான் எழுதணும்" என்கிறார் என் கணவர். டொராண்டோவில் இருக்கும் தங்கையோ, அங்கே ஒவ்வொருவரின் கடன் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள் என்கிறாள். இந்த வாடகையை நம்பித்தான் எங்கள் மாதச் செலவு. அவர்கள் இந்த மாத இறுதிக்குள் இப்போதைய இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓய்வுக்காலத்தில் சாப்பாட்டுச் செலவே இந்த வாடகையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் "நல்ல பிள்ளைகளாகத் தெரிகிறார்கள், கொடுங்கள்" என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதேபோல, அந்தக் கணவரை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பை வைத்துத் தள்ளிவிடவும் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு வேலை. இதைச் செய்யாமல் மற்றது எதையும் யோசிக்க வேண்டாம். முழு வீட்டையும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு விடுவதற்கு வீவக ஒரு விகித வரம்பு வைத்திருக்கிறது. வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, ஒவ்வொரு புளோக்குக்கும் 11 விழுக்காடு. உங்கள் புளோக்கில் அது நிரம்பியிருந்தால், இவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் வீட்டை முழுதாக விட முடியாது. வீவக இணையத்தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டாலே தெரிந்துவிடும். இடம் இருந்தால் மேலே போகலாம். இவர்களைப் போன்றவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, குறைந்தது ஆறு மாதம். நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு ஆண்டு அதற்குள் அடங்குகிறது. சாவியைக் கொடுப்பதற்கு முன்பே வீவகவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பதியில் ஒருவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, மற்றவருக்கு இல்லை என்றால் யாரை அளவுகோலாக வைப்பது? நான் 19 ஆண்டுகளாக வீடு வாடகைக்குப் பேசி முடித்துக் கொடுக்கிறேன். இதை ஒரே கேள்வியாகப் பார்க்கும்போதுதான் தவறு நடக்கிறது. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. வாடகை வருமா என்பதை இருவரையும் சேர்த்துப் பாருங்கள், அவர்களுக்கு அடுப்பு ஒன்றுதான். இங்கே சட்டப்படி தங்கலாமா என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்பதற்கு இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பணத்தை எடுத்துக்கொள்வோம். 7,400 சம்பளத்தில் 3,000 வாடகை என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. கேட்டவுடன் அதிகமாகத்தான் தெரியும். ஆனால் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். அதே 7,400 வாங்கும் 55 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரருக்கு 20 விழுக்காடு, அதாவது 1,480 வெள்ளி, சேமநிதிக்குப் போய் 5,920 கைக்கு வரும். அந்தப் பெண்ணுக்கு 7,400ம் கைக்கு வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரியை அவரே கட்ட வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்புவார், அது வேறு. பிள்ளை இல்லாத இருவருக்கு வாடகை போக 4,400 வெள்ளி. அதில் சிங்கப்பூரில் குடும்பம் நடத்தலாம். நான் பார்த்த குடும்பங்களில் இதைவிட நெருக்கடியில் இருந்துகொண்டு ஒரு நாள்கூடத் தவறாமல் வாடகை கட்டியவர்கள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கணவருக்கு டிபென்டன்ட் பாஸ் எடுக்க வேண்டுமானால் மனைவியின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. உங்களுக்குக் குறையாகத் தெரிகிற அந்த டிபென்டன்ட் பாஸே, மனைவியின் வருமானத்தை அமைச்சு ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது என்பதற்குச் சாட்சி. ஆனாலும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வேலைக் கடிதமும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இங்கே ஒரு முழு ஆண்டு வேலை பார்த்திருந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வரி மதிப்பீட்டு அறிவிப்பும் இருக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இப்போது இது வழக்கம்தான்.

கணவர் வேலைக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரிகளில் ஒரு சின்னக் குறைச்சல் தொனிப்பதாக எனக்குப் பட்டது. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பெல்லாம் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். 2021 மே 1 முதல் அது மாறிவிட்டது. வேலை செய்ய விரும்பினால், சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர, மற்றவர்கள் தனியாக ஒரு வேலை அனுமதி எடுக்க வேண்டும். முதலாளி கிடைத்து, அவர் விண்ணப்பித்து, அமைச்சு ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். படித்த, உழைக்கத் தயாரான எத்தனையோ பேர், ஆண்களும் பெண்களும், வீட்டில் இருப்பது இதனால்தான். பெண் வீட்டிலிருந்தால் "இல்லத்தரசி" என்கிறோம். ஆண் இருந்தால் "வெட்டியா இருக்கான்" என்கிறோம். உங்கள் முன்னால் இதே சம்பளத்தில் கணவர் வேலை செய்து, மனைவி டிபென்டன்ட் பாஸில் இருக்கும் தம்பதி வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? இதை மனதில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இந்தியர் என்றாலே கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்களிடம் அலைந்து திரிந்துவிட்டு நம் மக்கள் நம்மிடம் வருகிறார்கள். நாமும் காரணமில்லாமல் சாத்த வேண்டாம்.

அடுத்து ஜூரோங் அறை விஷயம். வாடகை தாமதமானது உண்மை, அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை உங்களுக்குக் கொடுத்தவர் யார்? அவரேதான். மறைக்க நினைப்பவர் நண்பர் ஒருவர் எண்ணைக் கொடுத்து "இவர்தான் என் பழைய வீட்டுக்காரர்" என்றிருப்பார். அப்படிக் கொடுத்தவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அவரையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து, "ஜூரோங்கில் என்ன நடந்தது தம்பி?" என்று நேராகக் கேளுங்கள். வேலை போயிருக்கலாம், நிறுவனம் மூடியிருக்கலாம். பதிலில் தேதியும் காரணமும் இருக்கிறதா, அல்லது பழைய வீட்டுக்காரரைத் திட்டுவது மட்டும்தான் இருக்கிறதா என்று கவனியுங்கள். மனைவிக்கு விஷயம் முன்பே தெரியுமா என்பதை அவர் முகமே சொல்லும். தெரிந்திருந்தால் எனக்கு அதுவே பெரிய நிம்மதி. தெரியாமல் இருந்து, அங்கேயே அவர் முகம் மாறினால், இரண்டு நாள் பொறுத்து முடிவெடுங்கள்.

தங்கை சொல்வது டொராண்டோ வழக்கம். இங்கே கிரெடிட் பீரோ அறிக்கையை ஒருவர் தன்னைப் பற்றித் தானே வாங்கிக் காட்டலாம். வீட்டுக்காரர் நேரடியாகப் போய் இன்னொருவருடையதைப் பார்க்க முடியாது. வந்து ஓரிரு ஆண்டே ஆன வெளிநாட்டவரின் அறிக்கையில் பெரும்பாலும் ஒரு கடன் அட்டைக்கு மேல் எதுவும் இருக்காது. அதைக் கேட்டு அவர்களை அலைய வைக்க வேண்டாம்.

மனைவி பெயரில் மட்டும் எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுத வேண்டாம். கணவர் பெயரில் மட்டும் எழுதவும் வேண்டாம். உங்கள் கணவரிடம் இதை என் சார்பாகவே சொல்லுங்கள்: சம்பாதிப்பவர் கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. பல ஆண்டுகளுக்கு முன் யீஷூனில் ஒரு வீட்டுக்கு நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வீட்டுக்காரர் "புருஷன் பேரே போதும்" என்றார், நானும் சரி என்று கணவர் பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது மாதம் இருவருக்கும் மனஸ்தாபம் வந்து கணவர் ஊருக்குப் போய்விட்டார். மனைவியும் குழந்தையும் வீட்டில் இருந்தார்கள். சம்பளம் மனைவிக்குத்தான், ஆனால் ஒப்பந்தத்தில் அவர் இல்லை. வாடகையைக் கேட்க வேண்டியவர் ஊரில், வீட்டில் இருப்பவர் ஒப்பந்தத்தில் இல்லாதவர். அந்தப் பெண் நல்ல மனசுக்காரர், தானாகவே கட்டினார். அவர் கட்டாமல் போயிருந்தால் வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அன்றிலிருந்து 21 வயது நிரம்பிய கணவன் மனைவி யார் வந்தாலும் இருவர் கையெழுத்தும் இல்லாமல் நான் ஒப்பந்தம் முடிப்பதில்லை.

இருவரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற பொருள்படும் வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால் முழு வாடகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம். "என் பங்கு பாதிதான்" என்று ஒருவர் ஒதுங்க முடியாது. சி.இ.ஏ. எனப்படும் சொத்து முகவர் மன்றம் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தம் வெளியிட்டிருக்கிறது. கடையில் விற்கும் பழைய படிவத்தை வாங்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேருங்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் வராத ஒன்று. எனக்கு அதில்தான் அதிகக் கவலை. கணவரின் பழைய பாக்கி பற்றி நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆனால் இந்தக் குடும்பம் முழுவதும் ஒரே நூலில் தொங்குகிறது, அந்த நூல் மனைவியின் எம்ப்ளாய்மென்ட் பாஸ். அவர் வேலை போனால் பாஸ் ரத்தாகும். அதோடு கணவரின் டிபென்டன்ட் பாஸும் போய்விடும். பொதுவாக 30 நாளுக்குத் தங்க ஒரு குறுகிய கால அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டவர் ஒருவர் வேலையை விடும்போது, வரிக் கணக்கு முடியும் வரை அவருக்குத் தர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்தி வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதாவது கடைசி மாதச் சம்பளம் உடனே கைக்கு வராது. நல்லவர்களே "டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ஜூரோங்கில் அவருக்கு நடந்ததும் இதுவாகவே இருக்கலாம், கேட்டால் தெரியும்.

இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்தில் ஒரு வேலை போனாலும் இன்னொன்று தாங்கும். இங்கே அது இல்லை. அவர்களை வேண்டாம் என்று சொல்ல இது காரணம் ஆகாது. ஒப்பந்தத்தைக் கவனமாக எழுதத்தான் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு இரண்டு மாத டெபாசிட், அதாவது 6,000 வெள்ளி, இங்குள்ள வழக்கம். அதைக் குறைக்காதீர்கள், கணவருக்கு வேலை இல்லை என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம். கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழிக்க முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். டிப்ளமேட்டிக் கிளாஸ் என்ற விலகல் விதி ஒன்றை அவர்கள் கேட்பார்கள். முதல் 12 மாதம் முடிந்த பிறகு, சிங்கப்பூரில் வேலை இல்லாமல் போனால் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விலகலாம் என்பது அதன் வழக்கமான வடிவம். கொடுங்கள், ஆனால் யாருடைய வேலை என்று பெயரோடு எழுதுங்கள். இருவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் "வாடகைக்கு இருப்பவர்" என்று மொட்டையாக விட்டால், நாளைக்குக் கணவருக்கு ஒரு வேலை கிடைத்து அது போனாலும் அதைக் காட்டி விலகப் பார்க்கலாம். மனைவியின் பாஸ் ரத்தானால் மட்டும், அதற்கான கடிதத்தைக் காட்டினால் மட்டும் என்று எழுதுங்கள்.

முதல் ஆண்டுக்குள் வேலை போனால்? ஒப்பந்தப்படி அவர்கள் பொறுப்பு. ஆனால் நாட்டை விட்டே போக வேண்டியவரிடம் தாளை நீட்டி என்ன பயன்? உங்களிடம் இருக்கும் 6,000 வெள்ளிதான் புதியவர் வரும்வரை தாங்கும். அதனால் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். உங்கள் செலவுக்கே வாடகையை நம்பியிருக்கிறீர்கள் என்பதால் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாஸ் சோதனை. மனைவியின் பாஸ் சரியாக இருந்தால் கணவருடையதும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். சட்டப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று சோதனை செய்ய வேண்டும். அசல் அட்டையை நேரில் பார்க்க வேண்டும், அதிலுள்ள விவரத்தைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டும், பாஸ் இன்னும் செல்லுபடியாகிறதா என்று அதை வழங்கிய அமைப்பிடமே சரிபார்க்க வேண்டும். இவர்கள் இருவருடையதும் மனிதவள அமைச்சு கொடுத்தவை. எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியில் அட்டையின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், ஐந்து நிமிட வேலை. வீவகவுக்கு, விண்ணப்பிக்கும் நாளில் பாஸ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டாம். கவனக்குறைவாக ஒரு சட்டவிரோதக் குடியேறிக்கு இடம் கொடுத்தால்கூட 6,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்த வயதில் அந்த மன உளைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முத்திரை வரியை மறக்காதீர்கள். இரண்டு ஆண்டு வாடகை 72,000 வெள்ளி, அதில் 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. வழக்கமாக வாடகைக்கு வருபவர் கட்டுவார். கையெழுத்தாகி 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகைத் தகராறு என்றால், 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

ஒருவேளை அவர்கள் பக்கம் ஓர் ஏஜண்ட் இருந்து, "உங்களுக்கும் சேர்த்து நானே பார்க்கிறேன்" என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் ஒருவரே ஏஜண்டாக இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீவக வீட்டு வாடகையில் டெபாசிட்டோ வாடகையோ ஏஜண்ட் கையால் வாங்கவும் கூடாது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். அதுவும் மனைவியின் சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாக வரும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். யார் மறந்தார்கள் என்ற பேச்சே எழாது.

என் கருத்தைக் கேட்டால், புளோக்கில் இடம் இருந்து, பாஸ் இரண்டும் சரியாக இருந்து, ஜூரோங் பற்றி அந்தத் தம்பி மனைவி முன்னால் ஒளிக்காமல் சொன்னால், நான் இவர்களுக்குக் கொடுப்பேன்.

எதுவாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். மாத இறுதிக்குள் அவர்கள் சாமான்களோடு வெளியேற வேண்டும், நீங்கள் "பார்க்கலாம்" என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு இன்னொரு வீடு கைநழுவும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணத்தை நீட்டாமல் ஒரு வரியில் அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பிய கடவுச்சீட்டு, சம்பளச் சீட்டு நகல்கள் உங்கள் போனில் இருந்தால் அன்றே அழித்துவிடுங்கள்.